மொபெட்டின் செயினை மாற்ற வேண்டுமா?

(ஊராட்சி உறுப்பினர்களும் விவசாயிகளும் கூடிய கூட்டமொன்றில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஒருவர் ஆற்றிய உரை)



காலை முதல் குடிநீர், சாலை, தெருவிளக்கு ஆகியவற்றைப் பற்றிப் பேசினோம். இப்பொழுது எடுத்துக்கொள்ளும் பொருள் மிகச் சிறியது. அரை அங்குலக் கண்ணிகளால் ஆனது. மொபெட்டின் செயினைப் பற்றிப் பேச வட்டார வளர்ச்சி அலுவலகத்துக்கு என்ன வேலை என்று சிலர் எண்ணக்கூடும். ஆனால் கிராமங்களுக்குச் சுற்றுப்பயணம் செல்லும்போது பட்டா மாறுதலுக்கும் முதியோர் உதவித் தொகைக்கும் அடுத்தபடியாக நம்மிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகளுள் இதுவும் ஒன்றாகிவிட்டது. “வண்டி வாங்கும்போது கம்பெனியில் மாட்டிக் கொடுத்த செயின் நிற்காது என்கிறார்களே, ஐயா! உடனே கழற்றிவிட்டுக் கனமான செயினாகப் போட்டுவிடலாமா?” என்று கேட்கிறார்கள். வேறு சிலர், ஐந்தாண்டுகளாக ஒரே செயினை ஓட்டிக்கொண்டு, அறுந்தால் பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்கிறார்கள். இரண்டு கட்சிக்கும் சேர்த்து இன்று விடை சொல்ல விரும்புகிறோம்.

டி.வி.எஸ். 50 என்னும் மொபெட் 1980-ஆம் ஆண்டில் ஓசூரிலிருந்து வெளிவந்தது. இருவர் அமர்ந்து செல்லத்தக்க மொபெட் நம் நாட்டில் அதுவே முதலாவது. மிதிகட்டையோடு கூடிய அவ்வண்டியை எஞ்சின் பூட்டிய சைக்கிள் என்றே சொல்லிவிடலாம். 2015-ல் ஃபோர் ஸ்ட்ரோக் எஞ்சினுடன் எக்ஸ்.எல். 100 வந்தது. மிதிகட்டை போய்விட்டது, வேலை போகவில்லை. முன்பு மாட்டு வண்டியில் சென்ற புல்லுக்கட்டும், விதை மூட்டையும், வாழைத்தாரும், பால் கேனும் இன்று இந்தச் சிறு வண்டியின் மேல்தான் ஏறுகின்றன. பால் சங்கத்தில் பால் எடுக்கும் நேரம் யாருக்காகவும் நிற்பதில்லை. விடியற்காலையில் நடுவழியில் செயின் அறுந்தால், அன்றைய ஒரு வேளைப் பால் வீட்டுக்குத் திரும்பி வருகிறது. எஞ்சின் எவ்வளவு நன்றாக இருந்தாலும், அதன் பலத்தைப் பின்சக்கரத்துக்குக் கொண்டு செல்வது இந்த ஒரு செயின்தான்.

நம் விடையை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். கம்பெனி செயின் என்ற காரணத்துக்காகவே அதைக் கழற்ற வேண்டியதில்லை. பழையதாகிவிட்டது என்று வருஷக் கணக்குப் பார்த்துக் கழற்றவும் வேண்டியதில்லை. அளந்து பார்த்துக் கழற்ற வேண்டும். நெல்லைப் படியால் அளக்கிறோம், பாலை லிட்டரால் அளக்கிறோம். செயினை மட்டும் ஏன் கடைக்காரர் முகத்தைப் பார்த்து மாற்ற வேண்டும்?

எப்படி அளப்பது என்பதற்கு முன், செயின் எவ்வாறு கெடுகிறது என்பதைத் தெரிந்துகொள்வது நல்லது. இப்பொழுது நாம் உபயோகிக்கும் உருளைச் செயினுக்கு ஹான்ஸ் ரெனால்டு என்பவர் இங்கிலாந்து நாட்டு மான்செஸ்டர் நகரில் 1880-ஆம் ஆண்டில் பதிவுரிமை பெற்றார். வெளிப்பட்டை, உள்பட்டை, பின், அந்தப் பின்னைச் சுற்றியுள்ள புஷ், புஷ்ஷின் மேல் சுழலும் உருளை ஆகிய ஐந்து உறுப்புகளே அதில் உண்டு. நூற்று நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் அந்த அமைப்பில் பெரிய மாறுதல் ஏதும் ஏற்படவில்லை. 1903-ல் ரைட் சகோதரர்கள் பறக்கவிட்ட விமானத்தின் சுழல்விசிறிகளைச் சுற்றியதும் செயின்தான். அவர்கள் சைக்கிள் கடை வைத்திருந்தவர்கள் அல்லவா?

செயின் நீண்டுவிட்டது என்று நாம் சாதாரணமாகச் சொல்கிறோம். உண்மையில் இரும்புப் பட்டை இழுபட்டு நீள்வதில்லை. ஒவ்வொரு மூட்டிலும் பின்னும் புஷ்ஷும் ஒன்றோடொன்று உராய்ந்து தேய்கின்றன. ஒரு மூட்டில் ஏற்படும் தேய்மானம் கண்ணுக்குத் தெரியாத அளவு சிறியது. ஆனால் நூறு மூட்டுகளின் தேய்மானமும் ஒன்றுசேரும்போது செயின் தொங்குகிறது. நம் வண்டிகளின் செயினில் இந்த உராய்வைப் பெருக்குவது செம்மண் புழுதி. புழுதி எண்ணெயோடு கலந்தால், சாணைக்கல்லில் கத்தி தீட்டுவதற்கு ஒப்பான வேலையை அது மூட்டுக்குள் செய்யும். ஆகவே மேற்புறத்தில் பளபளப்பாக இருக்கும் செயின் உள்ளே தேய்ந்திருக்கலாம். அழுக்கேறிய செயின் இன்னும் ஓராண்டு உழைக்கக்கூடியதாக இருக்கலாம். கண்ணால் பார்த்து முடிவு செய்ய முடியாது என்று நாம் சொல்வது இதனால்தான்.

இப்பொழுது அளவுக்கு வருவோம். செயின் பட்டையின் மேல் ஓர் எண் பொறித்திருக்கும். அது 4-ல் தொடங்கினால், ஒரு பின்னுக்கும் அடுத்த பின்னுக்கும் இடையே உள்ள தூரம் அரை அங்குலம். எஞ்சினை நிறுத்திச் சாவியை எடுத்துவிடுங்கள். செயின் கவரைக் கழற்றி, செயினைத் தொய்வில்லாமல் ஒருவர் அழுத்திப் பிடித்துக்கொள்ள, மற்றொருவர் இரும்பு டேப்பை வைத்து அளக்க வேண்டும். ஏதாவதொரு பின்னை ஒன்று என்று வைத்துக்கொண்டு, அதன் நடுவிலிருந்து இருபத்தைந்தாவது பின்னின் நடுவரை அளவு எடுங்கள். புதுச் செயினில் அது சரியாகப் பன்னிரண்டு அங்குலம் இருக்கும். பன்னிரண்டே மாகாணி அங்குலம் இருந்தால் கவலையில்லை; ஓட்டலாம். பன்னிரண்டே அரைக்கால் வந்துவிட்டால், நூற்றுக்கு ஒரு பங்கு நீண்டிருக்கிறது என்று பொருள்; புதுச் செயினுக்குப் பணம் சேர்க்கத் தொடங்க வேண்டும். பன்னிரண்டே கால் அங்குலம் வந்தபின் ஒரு நாளும் தாமதிக்கலாகாது. வண்டியோடு வந்த கையேட்டில் கம்பெனியார் வேறு வரம்பு குறித்திருந்தால் அதையே கொள்க.

பெரியவர்கள் நினைவில் வைத்திருக்கும் மாகாணியும் அரைக்காலும் இன்றைக்கும் எவ்வளவு உதவுகின்றன, பாருங்கள்! அரைக்கால் அங்குலத்தை இருபத்துநான்கு மூட்டுகளுக்குப் பங்கிட்டால், ஒரு மூட்டுக்கு ஒரு மில்லிமீட்டரில் ஏறத்தாழ எட்டில் ஒரு பங்குதான் வரும். அவ்வளவு சிறிய தேய்மானமே வண்டியை நிறுத்திவிடுகிறது. ஒரே இடத்தில் மட்டும் அளந்து நின்றுவிடாமல், சக்கரத்தைக் கையால் சற்றுச் சுற்றி மூன்று நான்கு இடங்களில் அளப்பது நல்லது. ஏனெனில் செயின் எல்லா இடத்திலும் ஒரே சீராகத் தேய்வதில்லை. துருப்பிடித்து மடங்காமல் விறைத்து நிற்கும் கண்ணிகள் இருந்தாலும், பட்டையில் விரிசல் தெரிந்தாலும், உருளை ஒன்று உடைந்து விழுந்திருந்தாலும் அளவைப் பார்க்க வேண்டியதில்லை; அச்செயினை மாற்றிவிட வேண்டும்.

புது வண்டி வாங்கியவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். முதல் சில நூறு கிலோமீட்டரில் செயின் சற்றுத் தளரும். மூட்டுகள் தம் இடத்தில் அமர்வதால் உண்டாகும் தளர்ச்சி அது. அதைக் கண்டு, கம்பெனி மட்டமான செயினைப் போட்டு ஏமாற்றிவிட்டது என்று முடிவுகட்டிப் புதுச் செயின் வாங்கியவர்கள் நம் வட்டாரத்தில் இருக்கிறார்கள். அட்ஜஸ்டரைத் திருகிச் சரிசெய்தால் போதுமான காரியம் அது.

கனமான செயின் போட்டால் நீடித்து உழைக்கும் என்ற எண்ணமும் பலரிடம் இருக்கிறது. 415, 420, 428 என்னும் எண்களில் முதல் இலக்கம் கண்ணியின் நீளத்தையும், பின்னிரண்டு இலக்கங்கள் உள் அகலத்தையும் குறிக்கின்றன. 415 என்றால் அகலம் மும்மாகாணி அங்குலம். 420 என்றால் கால் அங்குலம். 428 என்றால் காலே மாகாணி. 428-இல் உருளையின் பருமனும் 420-ஐவிடக் கூடுதல். வண்டியின் பல்சக்கரம் எந்த எண்ணுக்காகச் செய்யப்பட்டதோ அந்த எண்ணுக்குரிய செயின்தான் அதில் சரியாகப் பொருந்தும். பெரிய எண் செயின் பல்லில் உட்காராது. உட்கார்ந்தாற்போலத் தோன்றினாலும் பக்கவாட்டில் ஆடிக்கொண்டு, பல்லின் நுனியில் ஏறி இறங்கும். ஆகவே மாற்றும்போது அதே எண்ணையும் அதே கண்ணிக் கணக்கையும் கேட்டு வாங்குங்கள். நம் மாநிலத்திலேயே நல்ல செயின்கள் செய்யப்படுகின்றன. பெட்டியின் மேல் இருக்கும் படத்தைப் பார்த்து ஏமாறாமல், பட்டையில் எண்ணும் தயாரிப்பாளர் பெயரும் தெளிவாகப் பொறித்திருக்கின்றனவா என்று பார்ப்பது அவசியம்.

இனி, எல்லாவற்றினும் அதிகப் பணத்தை வீணாக்கும் விஷயத்துக்கு வருகிறோம். நம் வட்டாரத்தில் வாழை பயிரிடும் விவசாயி ஒருவர் ஓராண்டுக்குள் மூன்று செயின் மாற்றினார். மூன்றாவது செயினையும் குறை சொல்லிக்கொண்டு நம்மிடம் வந்தார். வண்டியைப் பார்த்தோம். செயினில் குறை இல்லை. பின்பல்சக்கரத்தின் ஒவ்வொரு பல்லும் அரிவாள் மூக்கைப்போல ஒரு பக்கமாக வளைந்து கூராகியிருந்தது. எஞ்சினிலிருந்து வரும் முன்பல்சக்கரம் அதைவிட மோசமாக இருந்தது. பழைய செயின் நீள நீள, அதன் நீண்ட கண்ணிக்கு ஏற்றபடி பல்லும் தேய்ந்துவிடுகிறது. அந்தப் பல்லின் மேல் சரியளவுள்ள புதுச் செயினை மாட்டினால், பாரம் எல்லாப் பற்களின் மேலும் பரவாமல் ஒன்றிரண்டு பற்களின் மேலேயே விழும். அடுத்த சில மாதங்களில் புதுச் செயினும் பழைய செயினின் அளவுக்கு வந்துவிடும். அவருக்குச் செயினை விற்றவர் பல்சக்கரத்தை ஒரு முறையேனும் பார்த்திருந்தால் இரண்டு செயின் விலை மிஞ்சியிருக்கும். முன்பல், பின்பல், செயின் மூன்றையும் ஒரே செட்டாக மாற்றியபின் அவருடைய வண்டி இன்றும் அதே செயினில் ஓடுகிறது.

செட்டாக வாங்க விலை கூடுதல்தான். அதனால்தான் காலத்தில் அளந்து பார்க்கச் சொல்கிறோம். செயின் அளவு மீறுவதற்கு முன்பே அதை மாற்றிவிட்டால், பல்சக்கரம் பிழைக்க இடமுண்டு. பின்பல்சக்கரத்தின் கடைக்கோடியில் செயினைப் பிடித்துப் பின்புறமாக இழுத்துப் பாருங்கள். பல்லை விட்டுப் பாதிப் பல் உயரத்துக்கு மேல் செயின் வெளியே வந்தால், செயினோ பல்லோ இரண்டுமோ தேய்ந்திருக்கின்றன என்று அறியலாம்.

தொய்வு எவ்வளவு இருக்க வேண்டும் என்பதில் நம்மவர்கள் இரண்டு தவறுகளைச் செய்கிறார்கள். சிலர் செயினை வீணைத் தந்திபோல முறுக்கிவிடுகிறார்கள். வண்டியின் மேல் பாரம் ஏறியதும் பின்சக்கரம் மேலெழும்பும். பெரும்பாலான வண்டிகளில் அப்பொழுது செயின் இன்னும் இறுகும். வெறும் வண்டியில் இறுக்கமாக இருக்கும் செயின், இரண்டு மூட்டை உரமும் ஓர் ஆளும் ஏறியபின் பேரிங்கையும் கியர் தண்டையும் தின்னத் தொடங்கும். வேறு சிலர் அது தொங்கினாலும் கண்டுகொள்வதில்லை. பள்ளத்தில் விழுந்து எழும்போது அச்செயின் பல்லை விட்டுக் கழன்று சிக்கிக்கொண்டால், பின்சக்கரம் சுழலாமல் நின்றுபோகும். வண்டி சறுக்கி ஆளைக் கீழே தள்ளும். சிறு வண்டிகளில் சாதாரணமாகக் கீழ்ப்பகுதியின் நடுவே இரண்டு முதல் மூன்று சென்டிமீட்டர் வரை மேலும் கீழும் அசைய இடம் விடுவார்கள். கையேட்டில் உள்ள அளவே இதிலும் முடிவானது. சரிசெய்தபின், வழக்கமான பாரத்தோடு ஆள் ஒருவர் உட்கார்ந்த நிலையில் மறுபடியும் அசைத்துப் பார்ப்பது நல்லது. இரண்டு பக்க அட்ஜஸ்டரும் ஒரே கோட்டில் நிற்க வேண்டும். இல்லாவிடில் சக்கரம் கோணலாகிப் பல்லின் ஒரு பக்கம் மட்டும் தேயும்.

எண்ணெய் விடுவதில் செலவு மிகக் குறைவு. ஆயினும் செய்வோர் சிலரே. எஞ்சினிலிருந்து வடித்த கரி எண்ணெயைச் செயினுக்கு விடும் வழக்கம் எங்கும் காணப்படுகிறது. அதில் எஞ்சினில் தேய்ந்த உலோகத் துகள் கலந்திருக்கிறது. அதை மூட்டுக்குள் செலுத்துவது நாமே மணலைக் கொட்டுவதற்கு நிகர். மண்ணெண்ணெயில் நனைத்த பழைய பல்துலக்கும் பிரஷால் அழுக்கை நீக்கி, நன்றாக உலர்த்தி, 90 என எண்ணிட்ட கியர் எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். உருளையின் நடுவில் விட்டால் பயனில்லை. உள்பட்டைக்கும் வெளிப்பட்டைக்கும் இடையில் உள்ள சந்தில் விட்டால்தான் எண்ணெய் பின்னைச் சென்றடையும். மாலையில் ஓடி வந்த வண்டிக்கு, செயின் சூடாக இருக்கும்போது விட்டு, இரவு முழுவதும் ஊறவிட்டு, காலையில் மேலே வழிந்ததைத் துடைத்துவிட வேண்டும். மேலே எஞ்சிய எண்ணெய் புழுதியைத்தான் சேர்க்கும். ஐந்நூறு கிலோமீட்டருக்கு ஒரு முறையும், மழையிலோ சேற்றிலோ ஓடிய பிறகும் இதைச் செய்வது போதுமானது. பொட்டாஷ் உரம் ஏற்றிச் செல்பவர்கள் மூட்டை கிழிந்து உரம் செயினில் சிந்தினால் அன்றே கழுவித் துடைக்க வேண்டும். அது குளோரைடு உப்பு, இரும்பைத் துருப்பிடிக்க வைக்கும். கடற்கரைக் கிராமத்தாருக்கு இதை நாம் சொல்ல வேண்டியதில்லை.

சாதாரணச் சைக்கிளில் சிறு எஞ்சினைப் பூட்டி ஓட்டும் இளைஞர்கள் ஓரிரு ஊர்களில் இருக்கிறார்கள். அவர்களுக்குச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. எஞ்சினின் இழுவை மனிதனின் காலைவிடப் பெரியது, ஆகையால்தான் செயின் அறுகிறது என்று அவர்கள் எண்ணுகிறார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தால் அப்படி இல்லை. அறுபது கிலோ எடையுள்ள ஒருவர் மேட்டில் எழுந்து நின்று மிதிக்கும்போது, நாற்பத்தெட்டுப் பல் உள்ள முன்சக்கரத்தில் செயினின் மேல் விழும் இழுவை நூறு கிலோவுக்கு மேல் போகும். ஒன்றரைக் குதிரைத் திறனுள்ள சிறு எஞ்சின் மணிக்கு முப்பது கிலோமீட்டர் வேகத்தில் செல்லும்போது அதில் பாதியளவே இழுக்கும். வேற்றுமை வேறிடத்தில் இருக்கிறது. அந்த வேகத்தில் பின்சக்கரம் நொடிக்கு ஏறத்தாழ நான்கு சுற்றுச் சுற்றும். நாற்பத்துநான்கு பல் உள்ள பல்சக்கரம் பூட்டியிருந்தால், நொடிக்கு நூற்று எழுபதுக்கும் மேற்பட்ட கண்ணிகள் மடங்கி நிமிர்கின்றன. நிதானமாக மிதிப்பவருடைய செயினில் நொடிக்கு ஐம்பது கண்ணிகூட மடங்குவதில்லை. மனிதன் மேட்டில் மட்டும்தான் எழுந்து நிற்கிறான். எஞ்சின் ஓய்வதே இல்லை. அதோடு கிளட்ச்சைச் சட்டென்று விடும்போது ஏற்படும் வெட்டு வேறு.

ஆகையால் சைக்கிளுக்குரிய மெல்லிய அரைக்கால் அங்குலச் செயினை எஞ்சின் பக்கத்தில் மாட்டியிருப்பவர்கள் அதை மாற்றத்தான் வேண்டும். எஞ்சினோடு 415 எண் செயின் வந்திருந்தால் அதை மேற்சொன்னபடி அளந்து முடிவு செய்யலாம். ஆனால் இவ்வகை வண்டிகளில் செயினைக் குறை கூறுமுன் பார்க்க வேண்டியவை இரண்டு உண்டு. ஆரைக்கம்பிகளோடு முடுக்கிய பல்சக்கரம் நேராகச் சுழலாமல் ஆடினால் எந்தச் செயினும் நிற்காது. செயினை அழுத்திப் பிடிக்கும் சிறு உருளை, தன் பிடி நழுவி ஆரைக்கம்பிகளுக்குள் திரும்பிவிட்டால் சக்கரம் அந்த இடத்திலேயே பூட்டிக்கொள்ளும். இது உயிருக்கே ஆபத்து. சட்டத்தையும் ஒரு வார்த்தையில் சொல்லிவிடுகிறோம். 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டப்படி, நான்குக்குக் குறைந்த சக்கரங்களும் 25 கன சென்டிமீட்டருக்கு மேற்படாத எஞ்சினும் உள்ள வண்டிதான் மோட்டார் வாகனம் என்ற வரையறைக்கு வெளியே நிற்கும். அதற்கு மேற்பட்ட எஞ்சினைப் பூட்டினால் பதிவும் ஓட்டுநர் உரிமமும் தேவை. சைக்கிள்தானே என்று சொல்லித் தப்ப முடியாது.

ஊராட்சி உறுப்பினர்களுக்கு இதில் ஒரு வேலை உண்டு. குப்பை சேகரிக்கும் மூன்று சக்கர மிதிவண்டிகளுக்குச் செயின் மாற்றியதாகப் பட்டியல் வரும்போது, கழற்றிய பழைய செயினைக் கேட்டு வாங்கி, மன்றக் கூட்டத்தில் டேப்பை வைத்து அளந்து பாருங்கள். அந்தச் செயினும் அரை அங்குலக் கண்ணிதான். அடிக்கடி மாற்ற நேர்ந்தால் செயினைவிடப் பல்சக்கரத்தைச் சந்தேகியுங்கள்.

இன்னொன்றைக் கடுமையாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. நம் வட்டாரத்துப் பால் உற்பத்தியாளர் ஒருவர் வண்டியைச் சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, எஞ்சினை ஓடவிட்டு, சுழலும் செயினைத் துணியால் துடைத்தார். நேரம் மிச்சமாகும் என்று பலரும் செய்வதுதான். துணி பல்லில் சிக்கி விரலையும் உடன் இழுத்தது. வலக்கை ஆள்காட்டி விரலின் நுனி போயிற்று. பால் கறக்கும் கை. எஞ்சின் ஓடும்போது செயினின் அருகே கை போகலாகாது. சக்கரத்தைச் சுற்ற வேண்டுமானால், எஞ்சினை நிறுத்திச் சாவியை மடியில் வைத்துக்கொண்டு, டயரைப் பிடித்துச் சுற்றுங்கள்.

சத்தம் வருகிறதென்று செயின் கவரைக் கழற்றிப் பரணில் போட்டிருப்பவர்கள் அதைத் திரும்ப மாட்ட வேண்டும். அது செயினைப் புழுதியிலிருந்தும், நம் வீட்டுப் பெண்களின் சேலையைச் செயினிலிருந்தும் காக்கிறது. பின்சக்கரத்தில் ஆடை சிக்காதபடி சக்கரத்தின் பாதிக்குக் குறையாமல் மறைக்கும் காப்பு இருக்க வேண்டும் என்று 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகள் கூறுகின்றன. பின்னால் உட்காரும் தாய்மார்கள் அது இருக்கிறதா என்று பார்த்துவிட்டு ஏறலாம்.

புதுச் செயின் மாட்டும்போது லாக்கைக் கவனியுங்கள். லாக்கின் மூடிய முனை செயின் ஓடும் திசையை நோக்கியும், திறந்த முனை பின்னோக்கியும் இருக்க வேண்டும். தலைகீழாக மாட்டினால், எதிலாவது உரசி அது கழன்றுவிடும். பழைய லாக்கைப் புதுச் செயினில் போடலாகாது.

கூட்டம் முடிந்ததும் தேநீருக்குப் பிறகு வெளியே இரும்பு டேப் இரண்டு வைத்திருப்போம். மொபெட்டில் வந்திருப்பவர்கள் வண்டிகளைப் புங்கமரத்து நிழலில் வரிசையாக நிறுத்துங்கள். ஊர் ஊராக ஒவ்வொரு வண்டியின் செயினையும் அளந்து, பன்னிரண்டே அரைக்காலைத் தாண்டியவற்றின் எண்ணைக் குறித்துக் கொடுக்கிறோம். சாவியைக் கையோடு எடுத்து வாருங்கள். வண்டியில் விட்டுவிட வேண்டாம்.